நாலாவது நாற்காலி

ரெட்டியார்பாளையம்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தல்ஹா,

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். அஞ்சலியின் எண்ணையும் பலராமனின் எண்ணையும் அப்படியே. அதனால்தான் தபால். தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை.

விபத்து நடந்து நாற்பது நாள் ஆகிறது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மருத்துவமனைக்கு வந்து உன்னைப் பார்க்க நாங்கள் மூவரும் மூன்று முறை நாள் குறித்தோம். கோரிமேட்டுப் பேருந்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். கிட்டார்காரன் இல்லாமல் நம் இசைக்குழுவை எப்படி நடத்துவது என்று யோசித்தோம். லாஸ்பேட்டையில் ஒரு பையனைக் கேட்டோம். அவனுக்கு வேறு குழு இருந்தது. வில்லியனூரில் ஒருவரைக் கேட்டோம்; அவர் நம் பாடல்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான், உன் இடத்தில் வேறு யாரையும் வைப்பதில்லை என்று கொள்கை முடிவு எடுத்தோம்.

இனி நம்முடையது கிட்டார் இல்லாத ராக் குழு. கீபோர்டு நான், டிரம்ஸ் பலராமன், பாட்டு அஞ்சலி. பெயர் ‘நாலாவது நாற்காலி’. மேடையில் நாங்கள் மூன்று பேர் இருப்போம். நடுவில் ஒரு காலி நாற்காலி, அதன்மேல் ஒரு விளக்கு. அது நீ.

நாற்காலி உன் வீட்டினுடையதாக இருந்தால்தான் உண்மையாக இருக்கும் என்றாள் அஞ்சலி. அதனால் நேற்று நீ பிசியோதெரபிக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, கூடத்தில் இருந்த மர நாற்காலியை உன் அம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். தல்ஹாவுக்காக என்றேன். உடனே கொடுத்துவிட்டார்.

நீ கேட்பாய் என்று தெரியும்: கீபோர்டு நலம். ஒரு கீறல்கூட இல்லை.

இப்படிக்கு,
ஜோசப் ஆனந்த்


முதலியார்பேட்டை
17 ஆகஸ்ட் 2024

திரு. ஜோசப் ஆனந்த் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

‘விபத்து நடந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நடக்கவில்லை. ஜூன் முப்பதாம் தேதி மூலகுளம் திருப்பத்தில் ஸ்கூட்டரை ஓட்டியது நீங்கள். பின்னால் உங்கள் கீபோர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். “மச்சி, இந்த இன்ட்ரோவைக் கேளேன்” என்று சொல்லி, ஹேண்டில்பார்மேல் இரண்டு கையாலும் வாசித்துக் காட்டினீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்க உங்களுக்கு மூன்றாவது கை இல்லை.

கீபோர்டில் ஏன் ஒரு கீறல்கூட இல்லை என்று யோசித்தீர்களா? அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் என் இடது கை இருந்தது.

விரல்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நடுவிரல், மோதிர விரல். டிசம்பருக்குள் மடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் ரப்பர் பந்தை அமுக்குகிறேன்.

அந்த நாற்காலி அத்தா உட்காருவது. கடை மூடிவிட்டு வந்து அதில் உட்கார்ந்துதான் தண்ணீர் கேட்பார். ஒன்பது நாளாக மோடாவில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்கிறார். நான் அதில் உட்கார்ந்து உங்களோடு வாசிக்கப்போகிறேன் என்று நினைத்து அம்மா கொடுத்திருக்கிறார். அந்த நினைப்பை நீங்கள் திருத்தவில்லை.

நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள். என் இடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தல்ஹா

பி.கு.: அந்த இன்ட்ரோ நன்றாகவும் இல்லை.


ரெட்டியார்பாளையம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள தல்ஹா,

உன் கடிதத்தின் நடை எனக்குப் பிடித்திருந்தது. ‘என் இடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற வரியை, முதல் நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அஞ்சலி வாசித்தாள். மண்டபத்தில் சத்தமே இல்லை. பின்வரிசையில் சமோசா தின்றுகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் ஒரு வயதான பிரெஞ்சு மதாம் மேடையேறி வந்தார். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவராம். நாற்காலியின் கையைத் தொட்டுக்கொண்டு, “ரொம்பச் சின்ன வயசா?” என்று தமிழிலேயே கேட்டார். “இருபத்தெட்டு” என்றேன். உன் வயது அதுதானே. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எந்தப் பொருளில் கேட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் இணையத்தில் எல்லோரும் அதே பொருளில் எழுதியிருந்தார்கள். திருத்திவிடலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். இதை நீ நம்ப வேண்டும்.

“உயிரோட இருக்கான்னு போட்டா நல்லாவா இருக்கும்?” என்றான் பலராமன்.

“இருக்கான்னும் சொல்ல வேணாம், இல்லன்னும் சொல்ல வேணாம்” என்றாள் அஞ்சலி. அவள் எப்போதும் நடுநிலை.

இரண்டாவது நிகழ்ச்சியில் யாரோ நாற்காலிக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். நாங்கள் போடவில்லை. எடுக்கவும் இல்லை. மூன்றாவதற்கு டிக்கெட் கிடைக்காமல் ஐம்பது பேர் வாசலில் நின்றார்கள். நாம் நால்வரும் சேர்ந்து வாசித்த ஐந்து வருடத்தில் உள்ளேகூட ஐம்பது பேர் இருந்ததில்லை.

கிட்டார் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். மிகவும் நன்றாக இருக்கிறது.

அத்தாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

ஜோசப் ஆனந்த்


முதலியார்பேட்டை
20 அக்டோபர் 2024

ஜோசப்,

மரியாதையாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.

நேற்று கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார். அத்தா விற்பது பெட்டியும் பையும். அவருக்குத் தெரிந்த துக்கம் அது சம்பந்தப்பட்டதுதான். “ஏன் பாய், ஜிப் போயிடுச்சா?” என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி ஃபரீஹாவின் காலேஜில் எனக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்களாம். அவளும் நின்றாளாம். கேட்டால், “எல்லாரும் நிக்கறப்ப நான் மட்டும் எப்புடிண்ணே உக்காந்திருக்கறது?” என்கிறாள்.

டீக்கடையில் எனக்கு டீ கொடுத்த ஆள் இரண்டு தடவை என் காலைப் பார்த்தான்.

இதையெல்லாம் விடு. உங்கள் வீடியோவைப் பார்த்தேன். கிட்டார் இல்லாத குழு என்கிறீர்கள். மூன்றாவது பாட்டில் கிட்டார் கேட்கிறது. அது என் கிட்டார்.

இந்த வருட நோன்பு மாதத்தில், மூன்று பகல், உன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு சுரமாக உனக்கு வாசித்துக் கொடுத்தேன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பச்சைத் தண்ணீர் இல்லாமல். “சும்மா ஒரு சேஃப்டிக்கு மச்சி” என்று சொல்லி எல்லாவற்றையும் கீபோர்டில் ஏற்றிக்கொண்டாய். உச்சத்தில் ஒரு சுரத்தில் என் நகம் கம்பியில் பட்டுக் கீச்சிட்டது. மறுபடி வாசிக்கிறேன் என்றேன். போதும், பசிக்கிறது என்றாய். நோன்பு இருந்தது நான்.

வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் அந்தக் கீச்சு வருகிறது. நீ ஒரு கட்டையை அழுத்தும்போது என் நகம் சத்தம் போடுகிறது. அதைக் கேட்டு அஞ்சலி அழுகிறாள்.

நான் செத்துப்போகவில்லை. விரல் மடங்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் அறிவித்திருக்கும் டிசம்பர் 31 பீச் ரோடு நிகழ்ச்சியில் உங்களோடு நான் வாசிக்க வேண்டும். அது என் குழு. பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், எனக்கு இடம் வேண்டும்.

நீளமாக எழுத வேண்டாம். ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுது.

தல்ஹா


ரெட்டியார்பாளையம்
2 நவம்பர் 2024

அன்புள்ள தல்ஹா,

உன் விரல்கள் மடங்குவதில் எங்கள் மூவருக்கும் மகிழ்ச்சி. தீர்மானமாகவே நிறைவேற்றினோம்.

ஆனால் நிலைமையை நீ புரிந்துகொள்ள வேண்டும். பீச் ரோடு நிகழ்ச்சிக்கு நம்மை ஒப்பந்தம் செய்தவர்கள் ‘கிட்டார் இல்லாத’ என்ற சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சுவரொட்டியில் நாற்காலி மட்டும்தான் இருக்கிறது. எங்கள் மூவரின் முகம்கூட இல்லை. அதற்கே அஞ்சலி இரண்டு நாள் பேசவில்லை. நீ வந்து அதில் உட்கார்ந்தால், நாங்கள் எதற்காக வாசிக்கிறோம் என்ற கேள்வி வரும். இரண்டு மாதம் உனக்காக அழுதவர்கள் உன்னைப் பார்த்தால் மனம் உடைந்துபோவார்கள். அவர்கள் மனதையும் நாம் பார்க்க வேண்டும்.

அந்தக் கீச்சுச் சத்தத்தை ரசிகர்கள் ‘விம்மல்’ என்கிறார்கள். அதைப் பற்றி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பசித்ததால் நான் விட்டுவிட்டேன் என்பதை அவருக்குத் தெரிவிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

குழுவில் உனக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. கீபோர்டைத் தூக்கி இறக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலையில் உனக்கு அனுபவம் உண்டு. தொப்பி போட்டுக்கொண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. யோசித்துச் சொல்.

ஜோசப் ஆனந்த்


முதலியார்பேட்டை
18 நவம்பர் 2024

ஜோசப்,

யோசித்தேன்.

ஃபரீஹாவைப் பெண் பார்க்க அடுத்த வாரம் வருகிறார்கள். வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றுதான் இருந்தது. “நானே போய்த் தூக்கிட்டு வர்றேன், அந்தப் புள்ள என் பேச்சத் தட்டாது” என்று அம்மா கிளம்பிவிட்டார். உன்னைத்தான் அந்தப் புள்ள என்றார். நேற்று முன்தினம் உங்கள் நிகழ்ச்சிக்கு நான்தான் ஃபரீஹாவின் ஸ்கூட்டியில் கூட்டிவந்தேன். மெதுவாக ஓட்டினால் ஒன்றரைக் கையே போதுமாக இருக்கிறது. நான் வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை ஸ்பீக்கரில் கேட்டேன். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஏனென்றால் நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வாய்.

அம்மா மேடையேறினார். “நான் ஜரினா, தல்ஹாவோட அம்மா” என்றார். மண்டபமே எழுந்து நின்றது. நாற்காலி சத்தத்திலேயே தெரிந்தது. “நாற்காலிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். யாரோ ஒரு பெண் விம்மினாள். “எதுக்கு அழுவுறீங்க? எம் புள்ள நல்லா இருக்கான். வெளிய வண்டில உக்காந்திருக்கான். எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்.”

அவ்வளவுதான். மொத்த மண்டபமும் அழுதது.

உன் மதாம் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். “ஆமாம்மா, காத்துக்கிட்டுதான் இருப்பான்” என்றாராம். அம்மா நாற்காலியைத் தூக்கப் போனார். மயக்கம் வருகிறது என்று நினைத்து நான்கு பேர் தாங்கிப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்து சோடா கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அந்தக் கீச்சு கேட்டது. நீ வாசித்தாய்.

‘அவங்க சொல்றது நிஜம்தான்’ என்று மைக்கில் சொல்ல உனக்கு மூன்று வார்த்தை போதும்.

அம்மா வெறுங்கையோடு வெளியே வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “கிட்ட வாடா. ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்” என்றார்.

தல்ஹா


ரெட்டியார்பாளையம்
9 டிசம்பர் 2024

தல்ஹா,

நீ சொன்ன அந்த மூன்று வார்த்தையையும் நான் சொல்வதாகத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் என் இரண்டு கையும் கீபோர்டில் இருந்தன. மைக்கைப் பிடிக்கக் கை இல்லை.

இப்போது ஒரு துயரச் செய்தி. புயல் மழையில் எங்கள் தெரு மூழ்கியது உனக்குத் தெரிந்திருக்கும். டிசம்பர் முதல் தேதி விடியற்காலை என் அறைக்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கட்டில்மேல் ஒரு பொருளுக்குத்தான் இடம் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். நாற்காலியை ஏற்றினேன்.

அடுத்த நிகழ்ச்சியை நினைத்துச் செய்தேன். சுவரொட்டியில் இருப்பது அதுதானே. ஏற்றி முடித்த பிறகுதான் கீபோர்டு தரையில் இருப்பது ஞாபகம் வந்தது. அதற்குள் அது மிதந்துகொண்டிருந்தது. நீ வாசித்துக் கொடுத்த சுரங்களை நகல் எடுத்து ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தியிருந்தேன். பென்டிரைவ் கீபோர்டு உறைக்குள் இருந்தது.

அந்தக் கீபோர்டுக்காக நீ என்ன செய்தாய் என்பதை நான் மறக்கவில்லை. அது வீணாகிவிட்டதே என்று அப்பாவிடம்கூடச் சொன்னேன். அவர் தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிரான்சிலிருந்து மாமா புதிய கீபோர்டு அனுப்பிவிட்டார். உன் சுரங்கள் அதில் இல்லை. அந்த விம்மல் இல்லாமல் மூன்றாவது பாட்டு ஒன்றுமில்லை; எங்களுக்கு அது நன்றாகத் தெரிகிறது. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கிறது. என் அறை காய்ந்துவிட்டது. மூன்று நாள் வந்து எல்லாச் சுரத்தையும் மறுபடி வாசித்துக் கொடு. நகம் அதே இடத்தில் கீச்சிட வேண்டும். நாற்காலியும் இங்கேதான் இருக்கிறது, அதிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

நீ அன்று கேட்ட வார்த்தையை இப்போது எழுதுகிறேன். வா.

ஜோசப்


முதலியார்பேட்டை
15 டிசம்பர் 2024

ஜோசப்,

அந்த வார்த்தை வந்துவிட்டது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாவது தடவையும் அப்படியேதான் இருந்தது.

நான் வர முடியாது. கோபத்தால் இல்லை. வாசிக்க முடியாது.

நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. நரம்பு அறுந்து சேர்ந்தது கோணலாகச் சேர்ந்திருக்கிறது. ஜூலை கடைசியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். “சாப்பிடறதுக்கு, எழுதறதுக்கு வலது கை இருக்கே” என்றார். டிசம்பருக்குள் மடங்கும் என்று உனக்கு எழுதியது நானாக எழுதியது. ரப்பர் பந்து பக்கத்து வீட்டுக் குழந்தையுடையது. அதைத் திருப்பிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது.

பீச் ரோட்டில் வாசிக்கிறேன் என்று கேட்டபோதும் என்னால் முடியாது என்று தெரியும். நீ ‘வா’ என்று எழுதுவாய், ‘இல்லை மச்சி, நீங்களே வாசியுங்கள், நான் கூட்டத்தில் நின்று கேட்கிறேன்’ என்று நான் எழுதுவேன் என்று வைத்திருந்தேன். அந்தப் பதிலை முன்கூட்டியே எழுதியும் வைத்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது.

ஸ்கூட்டரை ஓட்டியது நீ என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தாவிடம், நான் ஓட்டினேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன்மேல் அவருக்குக் கோபம் வந்தால் உன் வீட்டுக்கு என்னைப் பயிற்சிக்கு விடமாட்டார் என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதை யோசித்தேன்.

நாற்காலியை எடுத்துப்போக வந்தாயே, அன்று ஒரு கால் மணி நேரம் இருந்திருந்தால் நான் வந்திருப்பேன். என் கையைப் பார்த்திருப்பாய். பார்த்தாலே தெரியும். இந்த எட்டு கடிதத்துக்கும் வேலை இருந்திருக்காது.

இப்போது நீங்கள் மேடையில் சொல்வது உண்மைதான். அந்தக் கிட்டார்காரன் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன், அது வேறு விஷயம். கடைக்குப் போய் அத்தாவோடு உட்காருகிறேன். பையின் ஜிப்பை ஒரு கையால் மாட்டப் பழகிவிட்டேன்.

நாற்காலியை மட்டும் அனுப்பிவிடு.

தல்ஹா


ரெட்டியார்பாளையம்
3 ஜனவரி 2025

அன்புள்ள தல்ஹா,

புத்தாண்டு வாழ்த்துகள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்றிலிருந்து மூலகுளம் திருப்பம் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அங்கே சாலை வேலை நடப்பதாகச் சொல்கிறார்கள்.

அஞ்சலியிடமும் காட்டினேன். “இது இவ்ளோ நாள் எங்க இருந்துச்சு?” என்றாள். பீச் ரோட்டில் மூன்றாவது பாட்டுக்குப் பதிலாக இதையே வாசித்தாள். பின்னால் நான் நான்கு சுரம் மட்டும் வாசித்தேன். ‘நான் உயிரோடு இருக்கிறேன், அது வேறு விஷயம்’ என்ற இடத்தில் கடல் சத்தம் கேட்டது. புத்தாண்டு இரவில் பீச் ரோட்டில் கடல் சத்தம் கேட்பது எவ்வளவு அரிது என்று உனக்குத் தெரியும். இறந்தவன் எழுதுவதுபோல் நாங்களே எழுதியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாராட்டை உன் சார்பில் ஏற்றுக்கொண்டோம்.

சில இடங்களைச் சுருக்கினேன். டாக்டர் தண்ணீர் கொடுப்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பந்து இவை இருக்கட்டும் என்றாள் அஞ்சலி. ஸ்கூட்டரை யார் ஓட்டினார்கள் என்ற பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். அது ஓட்டத்தைக் கெடுத்தது.

சுரங்களைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். புதிய கீபோர்டில் கம்பெனியே கிட்டார் ஒலி வைத்திருக்கிறது. எண் இருபத்தேழு. நகம் படுவதில்லை. விம்மலைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவர் அன்று முன்வரிசையில் இருந்தார். இம்முறை இன்னும் ஆழமாக இருந்தது என்றார்.

நாற்காலியை இந்தக் கடிதத்தோடு ஆட்டோவில் அனுப்புகிறேன். பெரிய மேடையில் அது சின்னதாகத் தெரிகிறது. வாடகைக் கடையில் கைப்பிடியில் சிங்கம் வைத்த கல்யாண நாற்காலி ஒன்று எடுத்துவிட்டோம். தூரத்திலிருந்தும் காலியாகத் தெரிகிறது.

அடுத்த மாதம் சென்னை. பதில் எழுதினால் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நீளமாக இருந்தால் அஞ்சலிக்கு மூச்சு வாங்குகிறது.

ஜோசப் ஆனந்த்